பதினொன்றரை ஓம்

மரியசூசை சாரின் மகன் சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து எங்கள் பீங்கான் ஆலை வாசலில் நின்றபோது, நான் சோதனைச் சூளையை அப்போதுதான் போட்டிருந்தேன். "அப்பா ராத்திரி போயிட்டாங்கக்கா. உங்களுக்கு நேர்ல சொல்லணும்னு வந்தேன்" என்றான். எரிகிற சூளையை விட்டுவிட்டு ஓட முடியாது என்பது அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். மாற்று ஆள் வந்த பிறகு கிளம்பினேன். முகத்தைப் பார்க்கவாவது கொடுத்து வைத்திருந்தது.

எங்கள் மின்பிரிவு மேற்பார்வையாளராக இருந்த அவரை அறிந்த ஆலை நண்பர்களான உங்களுக்கு, அவருடைய வெள்ளைச் சட்டையையும் அதில் களிமண் பட்டால் வரும் சிடுசிடுப்பையும் நான் விளக்க வேண்டியதில்லை. எதைக் கேட்டாலும் "மீட்டரப் பாத்துட்டு சொல்றேன்" என்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதையேதான் சொன்னார் என்று கேலி செய்வோம். ஆனால் என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தவரும் அவர்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

அறுபதுகளின் நடுவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கணவர் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். இந்த வேலை போனால் வேறு வழியில்லை. மின்சாரச் சுருளால் சூடாகும் அந்தச் சின்னச் சூளை சாயங்காலத்தில் என் பொறுப்பு. மாதிரித் துண்டுகளோடு ஒரு சிறு கூம்பையும் உள்ளே வைப்போம். வேண்டிய சூடு ஏறினால் கூம்பு தலை சாய்ந்துவிடும். காலையில் வேறொருவர் போட்டால் சாய்ந்தது. நான் போட்டால் விறைத்து நின்றது, துண்டுகளும் வேகவில்லை.

நேரம் முடியும் முன்பே நான் அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவதாகப் பேச்சு கிளம்பியது. மரியசூசை சார் வந்து பார்த்தார். "சுருள் நல்லாத்தான் இருக்குது சார், ஆளுதான் சரியில்ல" என்று மேலாளரிடம் சொன்னார்.

"சாயங்காலத்துல பல்புகூட மங்கலாத்தாங்க எரியுது" என்றேன்.

"பல்புக்கும் இதுக்கும் என்னம்மா? பேச்ச மாத்தாத."

மறுநாளோடு என்னை நிறுத்துவதென்று முடிவானது. அன்று பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே அவரை நான் திட்டாத திட்டு இல்லை.

மறுநாள் சாயங்காலம், கடைசி முறை என்று நினைத்துச் சூளையைப் போட்டேன். வோல்ட் மீட்டரையும் ஆம்பியர் மீட்டரையும் தூக்கிக்கொண்டு அவர் வந்தார். யாரும் அனுப்பவில்லை. முந்தின நாள் வீட்டில் பேப்பரை விரித்தபோது எழுத்துத் தெரியவில்லையாம்; பல்பை நிமிர்ந்து பார்த்தபோது என் பேச்சு நினைவுக்கு வந்ததாம். காலையிலேயே ஒரு முறை அளந்திருந்தார்: 230 வோல்ட், 20 ஆம்பியர். இப்போது முள் காட்டியது 184 வோல்ட், 16 ஆம்பியர்.

சுவரிலேயே கரித்துண்டால் கணக்குப் போட்டார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் காலையில் பதினொன்றரை ஓம், இப்போதும் பதினொன்றரை. சுருளின் தடை மாறவேயில்லை. இரண்டையும் பெருக்கினால்தான் வித்தியாசம் தெரிந்தது. காலையில் 4600 வாட், இப்போது 2944. சுற்றுப்பட்டு வயல்களில் பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் எங்களுக்கு வருவது அவ்வளவுதான். மூன்றில் இரண்டு பங்குகூட இல்லாத சக்தியில் அதே மணிநேரம் எரித்தால் கூம்பு எப்படிச் சாயும்?

அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை மேலாளர் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே நாலு பேர் இருந்தார்கள்.

"சார், நான் சொன்னது தப்பு. எவ்வளவு வருதுன்னு பாக்காம இவங்க மேல பழி போட்டுட்டேன். பல்ப சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்."

அதுவரை என்னை நீ, வா என்றுதான் பேசுவார். அறைக்கு வெளியே வந்து அழுதேன். சாயங்காலத்தில் கூடுதல் நேரம் எரிக்கலாம் என்றார்கள், கூம்பு சாய்ந்தது. சூளைக்குப் பக்கத்தில் வோல்ட் மீட்டர் ஒன்றை அவரே நிரந்தரமாகப் பொருத்தினார்.

அதன் பிறகு அவரிடம் ஒரு பழக்கம் வந்தது. பம்ப்செட்டுக்காரர்களால்தான் சூளை வேலை கெடுகிறது என்று யாரோ சொன்னபோது, "அவங்க நெல்லுக்குத் தண்ணி வேணாமா? நீ நேரத்தக் கூட்டிக்க" என்றார். களிமண் பிரிவில் ஒருவர் வேலை நேரத்தில் தூங்கிவிட்டதாகப் புகார் வந்தது. "காலையில சாப்புட்டியாப்பா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த ஆள் சாப்பிட்டிருக்கவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். படுக்கையோடு இருந்தார். "நான் அன்னிக்கு சொன்னது இன்னும் மனசுல இருக்குதாம்மா?" என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "செத்தாலும் மறக்க மாட்டேன் சார்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகள் கஞ்சி கொண்டுவந்தாள், பேச்சு வேறு பக்கம் போனது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டேன்.

நான் மறக்க மாட்டேன் என்றது அவர் போட்ட பழியை அல்ல. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மீட்டரைத் தூக்கிக்கொண்டு அவர் திரும்பி வந்ததை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டதும் அந்த ஒரு சாயங்காலத்தைத்தான். அடுத்த முறை போகும்போது இதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். பெட்டியை மூடுவதற்கு முன் குனிந்து, அவர் காதருகில் சொன்னேன்.