மோட்டார் சீட்டுக்கு அடியில் ஒரு தொழிற்சாலை

உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ஒரே சக்கரத்தில் சுற்றிய காந்த நாடா. ஆபிசில் அதைக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள். குருண் பட்டணத்தில் நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையின் சர்வரில் இருப்பதெல்லாம் வாரா வாரம் அதில் நகலாகும். ஆபிஸ் தீப்பிடித்தாலும் பிழைக்கும்படி அந்த நகல் வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டுமாம். பெரிய கம்பெனிகள் அதற்குப் பெட்டகம் வைத்திருக்கும். எங்கள் கம்பெனிக்கு என் வீடு. தூரத்துக் கோலா கெத்தில் ஊரிலிருந்து வந்து போகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் மேனேஜர் என்னைப் பிடித்தார். என் அறிவைப் பார்த்துப் பிடித்ததாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அதை என் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுபோவேன். மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அது உறங்கும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை நான் தங்கச்சி என்பேன். முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். "அண்ணே, இதுக்குத் தண்ணி ஆகாது, சூடு ஆகாது, காந்தம் ஆகவே ஆகாது." எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஒரு கார்ட்ரிட்ஜைத் தொலைத்தார். கொஞ்ச நாளில் அவரையும் காணவில்லை.

அந்த வியாழக்கிழமை எங்கள் செம்பனை எஸ்டேட் கோயிலில் திருவிழா ஆரம்பம். வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போய், கிடைத்த சந்தில் மோட்டாரை நிறுத்தினேன். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். பாட்டு அதிர்ந்ததில் மோட்டாரின் கண்ணாடி தலையாட்டியது. ரசனையுள்ள மோட்டார் என்று சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது ஒலிபெருக்கிக்காரர் கெட்டுப்போன ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி, என் சீட்டின் மேலேயே கவிழ்த்து வைத்திருந்தார். அதன் பின்பக்கத்துக் காந்தத்தில் ஸ்குரூ டிரைவர் ஒட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, எடுங்கலா அதை!"

"என்னா தம்பி, சீட்டு கிழிஞ்சா போச்சு?"

சீட்டு கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். கார்ட்ரிட்ஜை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். அழிந்த எழுத்துகள் உள்ளே உதிர்ந்து கிடந்தால் சத்தம் வரும் என்று நினைத்தேனோ என்னவோ. வெளியே ஒரு கீறல் இல்லை. அதுதான் பயத்தைக் கூட்டியது. உடைந்த சாமான் என்றால் பார்த்தே தெரியும்.

ஞாயிறு காலை தங்கச்சி போன் செய்தாள்.

"அண்ணே, சர்வர் டிஸ்க் போச்சு. ஆபிஸ்ல இருக்குற டேப் பழசு. புது ஆர்டருக்கு மாத்துன லேடெக்ஸ் கலவை அளவெல்லாம் உங்க வீட்டு டேப்லதான் இருக்கு. கையுறை லைன் நிக்குது. சீக்கிரம் வாங்க."

போகும் வழியெல்லாம் சீட்டுக்கு அடியில் ஒரு பிணம் இருப்பது போலவே ஓட்டினேன்.

வாங்கியவள் உடனே போடவில்லை. "சூட்டோட போடக் கூடாதுண்ணே, கொஞ்சம் ஆறட்டும்" என்று குளிர் அறையில் மேசை மேல் வைத்தாள். அது ஆறியது. எனக்கு வேர்த்தது. மேனேஜர் கதவருகில் வந்து, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

டேப்பைப் படிக்கும் டிரைவில் தள்ளினாள். உள்ளே ஏதோ பிடித்து இழுக்கும் சத்தம், ஒரு சுழற்சி, பிறகு அமைதி. ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"என்னம்மா அது?"

"படிக்க மாட்டேங்குது."

வாய் தானாகத் திறந்துகொண்டது. திருவிழா, சந்து, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சிரிப்பாள், 'இதுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே' என்பாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சீட்டு மேலயேவா வச்சாரு?"

"மேலயே."

"ஐயோ அண்ணே."

படித்த பிள்ளையே ஐயோ என்றுவிட்டாள். எஸ்டேட்டில் மறுபடி செம்பனைக் குலை வெட்டும் வேலை கேட்டால் இந்தத் தொப்பைக்குக் கொடுப்பார்களா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அவள் டேப்பை வெளியே எடுத்து, வேறு ஒரு கார்ட்ரிட்ஜைப் போட்டாள். அதில் எழுத்து எதுவும் கிடையாது. டிரைவுக்குள் நாடாவைத் தொட்டுப் படிக்கும் பகுதியை ஹெட் என்பார்கள். அதைத் துடைப்பதற்கென்றே உள்ள கார்ட்ரிட்ஜ் அது. துடைத்து முடித்ததும் நம்முடையதை மறுபடி தள்ளினாள். நான் விளக்கைப் பார்க்காமல் சுவரில் இருந்த தீயணைப்பான் மேல் எழுதியிருந்ததை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தேன்.

"அண்ணே, பச்சை."

திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கலவை அளவுகள் முழுசாக இருந்தன. "ஹெட்டுல அழுக்குண்ணே. உங்க ஸ்பீக்கர் தப்பிச்சிருச்சி" என்று இப்போதுதான் சிரித்தாள். நானும் சிரித்தேன். சத்தம் மட்டும் வரவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது அதே கார்ட்ரிட்ஜை என் கையில் வைத்தாள்.

"புது டிஸ்கை இன்னும் நம்ப முடியாது. இது ஒண்ணுதான் நிச்சயமா படிக்குது. பத்திரம்ண்ணே."

வெளியே வந்தால் மனைவியின் போன். "கோயில்ல இன்னிக்குக் கடைசி நாள். எல்லாரும் இங்கதான் இருக்கோம், நேரா வந்துருங்க."

போனேன். கோயில் கூரை சின்னதாகத் தெரியும் தூரத்தில், செம்பனை வரிசை முடியும் இடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன். மனைவி தட்டில் சோறு எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்து வந்தாள்.

"கிறுக்கா புடிச்சிருக்கு? சாமி கும்பிடலையா?"

"இங்கேயிருந்தே கும்பிட்டுட்டேன்லா."

ஒரு தடவை கார்ட்ரிட்ஜ் ஒன்றும் ஆகாமல் தப்பித்தது உண்மை. அடுத்த தடவையும் தப்பிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாட்டு மறுபடி ஆரம்பித்தபோது அந்த அதிர்வு தரை வழியாக என் செருப்பு வரை வந்தது. சோற்றுத் தட்டை மனைவியிடமே கொடுத்துவிட்டு, சீட்டைத் திறந்து கார்ட்ரிட்ஜை எடுத்துச் சட்டைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டேன்.