அத்தையின் கடைவாயில் தான்றிக்காய்

பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் எங்கள் அத்தை மைக்கில் தும்மினால் மூன்று பஸ் கிளம்பிவிடும். இருமினால் டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்கள். உலகத்திலேயே பெரிய தொண்டை அவளுடையதுதான். சந்தேகமிருந்தால் பஸ் நிலையத்துப் புறாக்களைக் கேளுங்கள்.

இப்போது அந்தத் தொண்டைக்கு முட்டுக் கொடுத்து நிற்பது ஒரு துண்டு தான்றிக்காய்த் தோல். அறிவிப்பு அறையின் மின் அடுப்பில் காயைச் சுட்டு, கொட்டையை எறிந்துவிட்டு, தோலைக் கடைவாயில் அடக்கிக்கொள்வாள். துவர்ப்பில் முகம் கோணும். "இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும் இதுக்கு மேல மருந்து கிடையாதுடா." பல்வலி என்று வரும் கண்டக்டருக்கு அதே தோலைக் கொதிக்கவைத்துக் கொப்பளிக்கக் கொடுப்பாள். "உள்ள இருக்கிற பருப்பை மட்டும் தின்னுடாத, தலை சுத்தும்." டைம்கீப்பருக்குக் கொடுத்துப் பார்த்தேன். உண்மைதான்.

மரம் ஊருக்கு வெளியே காட்டில் நிற்கிறது. காய் பொறுக்குவது என் வேலை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டதால் நேரத்துக்குப் பஞ்சமில்லை.

அத்தைக்குத் தொண்டையில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல்வளையை எடுத்தால் ஆள் பிழைப்பாள், பேச்சு போய்விடும். தள்ளிப்போட்டால் ஆளே இல்லை.

"பேச்சில்லாம நான் எதுக்குடா? மரத்துல காய் இருக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரி பேச்சே எடுக்காத."

அதற்குள் குரல் வெறும் காற்றாகிவிட்டது. முன்பு அவளைப் போலவே மைக்கில் பேசி, காலி பஸ்ஸைக் கிளப்பிவிட்டு, அவளிடமே உதை வாங்கியவன் நான். இப்போது அவளே மைக்கை என் பக்கம் தள்ளுகிறாள். நான் பேசினால் பயணிகள் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. தெரியவில்லை என்பது அவளுக்குத் தெரிகிறது.

நேற்று துணிந்து ஒரு புளுகு விட்டேன். "அத்தை, மரத்தை வெட்டிட்டாங்க. வேரோட போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வா."

அவள் அழவில்லை. காய் போட்டுவைக்கும் டப்பாவைத் திறந்தாள். காலி. மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"நீ பாத்தியா?"

"காலையில போய்ப் பாத்துட்டுத்தான் வரேன்."

என் சட்டையைப் பார்த்தாள். பை ஓரமெல்லாம் பழுப்புத் தூள், புதுக் காயின் மேல் வெல்வெட் மாதிரி இருக்குமே, அது. ஒருவேளை அழுதால் கொடுக்கலாமே என்று சட்டைப் பையில் நாலைந்தும் கால்சட்டைப் பையில் கொஞ்சமும் எடுத்து வந்திருந்தேன். சட்டைப் பைக்குள் கையை விட்டு அள்ளினாள். "திருட்டுப் பயலே" என்று உதடு மட்டும் அசைந்தது. சுடும் வரைகூடப் பொறுக்காமல் ஒன்றைக் கடித்துத் தோலைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டாள்.

பிறகு மைக்கை என் பக்கம் தள்ளிவிட்டு, என் கால்சட்டைப் பைக்கு நேராகக் கையை நீட்டினாள்.