அவள் வரைந்த ஆமை

பக்கத்து அபார்ட்மென்ட்டில் இருந்த ஜப்பான்காரப் பெண்ணுக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம் ஒன்றுதான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் மற்ற தமிழ்ப் பெண்களின் முன்னால் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சம். அவளிடம் பேச அந்தக் கூச்சம் இல்லை.

வியாழக்கிழமை மதியங்களில் தேநீருக்குக் கூப்பிடுவாள். ஹாலின் மூலையில் பாய் விரித்து, சுவரில் நீளமான சுருள் படம் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பாள். முதலில் அதன் முன் மண்டியிட்டு வணங்க வேண்டும். பிறகுதான் பச்சைத் தேநீர். வருகிறவருக்கு எது நடக்க வேண்டுமோ அதற்கேற்ற படம். என் மகளுக்குப் பரீட்சை இருந்த வாரம் அருவியில் எதிர்த்து ஏறும் மீன். எல்லாம் அவளே வரைந்தவை. ஓரத்தில் தூரிகையால் பெரிதாக ஒரே ஓர் எழுத்து.

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த மாதம், சுவரில் ஆமை தொங்கியது. முதுகுப் பாசி வாலைப் போல நீண்ட கிழட்டு ஆமை. எழுத்தைத் தொட்டுக் காட்டி, “லாங் லைஃப்” என்றாள். பத்து விரல்களையும் விரித்தாள். “டென் தவுசண்ட் இயர்ஸ். ஃபார் ஹஸ்பண்ட்.” படத்தைச் சுருட்டி, நாடா கட்டி என் கையில் கொடுத்தாள்.

அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஆமை வாசலேறிவிடக் கூடாதென்று கிணற்றடியிலேயே விரட்டுகிற ஊரில் பிறந்தவள் நான். படத்தை வெளியே கதவோரம் சாய்த்துவிட்டு உள்ளே போனேன்.

சோபாவில் படுத்திருந்தவர் கேட்டார். “என்ன புள்ள, வெளிய வெச்சுட்டு வர்றே?”

“ஆமைப் படமுங்க.”

“அட, உள்ள கொண்டா. இப்ப என்னையவிட அதுதான் வேகமா நடக்கும்.”

“வெளையாடாதீங்க. ஆமை ஊட்டுக்குள்ள வரலாமுங்களா?”

“காயிதத்து ஆமை என்ன பண்ணும்? அந்தப் பொண்ணு மனசு நோகும் புள்ள.”

நான் கேட்கவில்லை. அன்றே அவள் கதவைத் தட்டினேன். “இன் அவர் பிளேஸ், டர்ட்டில் கம், ஹவுஸ் ஃபினிஷ்” என்றேன். அவள் இரண்டு கைகளாலும் படத்தை வாங்கிக்கொண்டு தலை குனிந்தாள். அதன் பிறகு வியாழக்கிழமைகள் இல்லை.

நான்கு மாதத்தில் அவர் போய்விட்டார்.

சடங்கெல்லாம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு அவள் வந்தாள். கறுப்பு உடை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள். “ஐ ஆம் சாரி. மை டர்ட்டில் கேம் டு யுவர் டோர்” என்றாள்.

ஆமை என் கதவு வரை வந்ததை நான்கு மாதமாகச் சுமந்திருக்கிறாள். அப்படியில்லையம்மா, அவருக்கு உன் படம் பிடித்திருந்தது, பயந்தவள் நான்தான் என்று தமிழில் எல்லாம் வந்தது. அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. டாக்டரிடமும் கடையிலும் எதற்கும் நான் சொல்கிற ஒரே வார்த்தைதான் வந்தது.

“ஓகே.”

அவள் இடுப்பு வளைய வணங்கிவிட்டு, அழுதுகொண்டே போனாள். கதவைச் சாத்திய பிறகுதான் என் வார்த்தை அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. உன் தவறுதான், மன்னித்துவிட்டேன் என்று.

மகளிடம் கேட்டு, “நாட் யுவர் டர்ட்டில்” என்று சொல்லிப் பழகினேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே இருந்தேன். அந்த மாதக் கடைசியில் அவள் குடும்பத்தோடு ஜப்பானுக்கே திரும்பிவிட்டாள். கிளம்பிய காலையில் காரில் பெட்டிகள் ஏற்றும் சத்தம் கேட்டு ஜன்னல் வரை போனேன். கதவைத் திறக்கவில்லை.