மொன்றியல்: ஒரு பழைய ஸ்டேக்ஹவுஸும் என் வாயும்

பழைய சாப்பாட்டுக் கடைகளைத் தேடிப் போவது எனக்கு ஒரு விசர். மொன்றியல் நகர நடுவில் பல காலமாக நடக்கும் ஒரு ஸ்டேக்ஹவுஸைப் பற்றி இரண்டு வருடமாகக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்தேன். கடந்த ஒக்டோபரில் நீண்ட வார இறுதி வந்ததும் கிளம்பிவிட்டேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கடையில் ஒரு குறையும் இல்லை, குறை முழுக்க என்னிடம்தான்.

தனியாக இருந்து சாப்பிட எனக்குப் பிடிக்காது. மொன்றியலில் எனக்கு இருப்பவன் குகன். யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவன், இப்போது டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. நேரில் பார்த்து நாலு வருடம். வியாழக்கிழமை போன் எடுத்தேன்.

"எப்பிடி மச்சான் இருக்கிறாய்?"

"இருக்கிறன் மச்சான். உனக்குத் தெரியும் தானே..."

"சனிக்கிழமை வாறன்ரா! அஞ்சரைக்கு மேசை புக் பண்ணியிருக்கு. ஸ்டேக்! சாட்டுச் சொல்லாத."

பிறகு, "நீ இஞ்ச வாறியோ?" என்று கேட்டான். "நீ வந்தாக் காணும் மச்சான். எங்க கூப்பிட்டாலும் வாறன்."

பயல் என்னில் இவ்வளவு பாசமாக இருக்கிறானே என்று உச்சி குளிர்ந்தது, எனக்கு ஒரே புளுகம்.

ரொறொன்ரோவில் இருந்து மொன்றியல் ஏறத்தாழ 540 கிலோமீற்றர். நான் எடுத்தது காலை எட்டு மணிப் பேருந்து, போகவர 118 டொலர். ஆறரை மணித்தியாலம் என்பார்கள், நீண்ட வார இறுதி நெரிசலில் ஏழைத் தாண்டிவிட்டது. கிங்ஸ்ரனில் கோப்பி குடிக்க நிறுத்துவார்கள். போகும்போது வலப்பக்க இருக்கை எடுங்கள், இடைக்கிடை தண்ணீர் தெரியும். இலையுதிர்காலத்தில் வழி நெடுகச் சிவப்பும் மஞ்சளும்தான். நான் படம் எடுத்தே போனின் சார்ஜில் பாதியை முடித்தேன்.

குகன் கடை வாசலில் எனக்கு முன்பே வந்து நின்றான். மெலிந்திருந்தான். முகம் முழுக்கத் தாடி.

"என்னடா தாடி? ஆரும் விட்டிட்டுப் போட்டாளோ?"

சிரித்தான். சிரிப்பு அரைவாசிதான் வந்தது. என் கையை இரண்டு கையாலும் பிடித்தான், கொஞ்ச நேரம் விடவில்லை. நான் கையை உருவிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

கடை சொன்னபடியே இருந்தது. சிவப்புத் தோல் இருக்கைகள், இருண்ட மரச் சுவர், வெள்ளை மேசைவிரிப்பு. பரிமாறுகிறவர்கள் எல்லாம் கறுப்பு வெயிஸ்கோட் போட்ட வயதான ஆட்கள். உட்கார்ந்ததும் ஊறுகாய் போட்ட கெக்கரிக்காயும் முட்டைக்கோவா சலட்டும் கேட்காமலே வரும். பிறகு ஒரு பெரிய தட்டில் பச்சை இறைச்சித் துண்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, எது வேண்டும் என்று காட்டுவார்கள். இந்தக் கடைகளின் பழைய வழக்கம் அது. குகன் தலையைத் திருப்பிக் கொண்டான். நானோ, படம் எடுக்க வேண்டும், தட்டைக் கிட்டக் கொண்டுவாருங்கள் என்றேன். தட்டு அவன் மூக்குக்கு நேரே நின்றது.

நான் எலும்போடு ஒரு ரிப் ஸ்டேக் சொன்னேன், 68 டொலர். அவன் சுட்ட உருளைக்கிழங்கும் சலட்டும்.

"டேய், மாட்டைத் தின்னக் கூட்டிக்கொண்டு வந்தா, மாடு தின்னுறதைத் தின்னுறாய்?"

அதற்கும் சிரித்தான். ஸ்டேக் வந்தது. வெளியே கருகி, உள்ளே சிவந்து, கத்தி வைத்ததும் இறங்கியது. சுவைக்கு நான் உத்தரவாதம். நல்லதொரு துண்டை வெட்டி அவன் தட்டில் வைத்தேன். "தின்னடா. ஒரு துண்டு திண்டா ஆரும் சாகமாட்டினம்."

அவன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தான். உருளைக்கிழங்கில் இறைச்சிச் சாறு படர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பரிமாறும் கிழவர் வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டார். குகன் தாழ்ந்த குரலில் இரண்டு வசனம் சொன்னான். கிழவரின் முகம் மாறியது. அவன் தோளில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தார். தட்டை எடுத்துப் போனார், புதுத் தட்டில் புது உருளைக்கிழங்கு கொண்டுவந்து வைத்தார்.

"என்னடா சொன்னனி அவருக்கு?"

"அம்மா செத்துப் பதினேழு நாள், முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் மச்ச மாமிசம் இல்லை எண்டு சொன்னனான்." மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டே சொன்னான். "நீ உந்தச் செத்தவீட்டுத் துடக்கு, விரதம் எல்லாம் எப்பவோ விட்டிட்டாய், ஞாபகம் வந்திராது. அதான் பேசாம இருந்தனான். எனக்கு ரிக்கெட் கிடைக்க முந்தி ஊரில எரிச்சுப்போட்டினம் மச்சான். வீடியோவில தான் பாத்தனான். குறூப்பில எல்லாரும் கும்பிடுற கை போட்டவங்கள். நேர வந்தது நீ ஒருத்தன் தான். குறூப்பில பாத்திட்டுத் தானே வந்தனி?"

"ஓம்" என்றேன்.

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குறூப்பை நான் சத்தமில்லாமல் ஆக்கிப் பல மாதம். காலை வணக்கப் படங்கள் பொறுக்க முடியவில்லை. பதினேழு நாளாக அந்தச் செய்தி என் சட்டைப் பைக்குள்தான் கிடந்திருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்திருக்கிறான் என்று என்னை நம்பி ஒருவன் எதிரே இருக்கிறான், என் வாயில் மாட்டிறைச்சி. சீ என்று போய்விட்டது எனக்கு. மிச்சத்தைத் தொடவில்லை.

"வீட்ட வந்து அம்மான்ர படத்தைப் பாத்திட்டுப் போ" என்றான். எப்படி மாட்டேன் என்பது? மெட்ரோவில் செம்மஞ்சள் பாதையில் ஏறி, நீலத்துக்கு மாறி, பார்க் நிலையத்தில் இறங்கி, பத்து நிமிட நடை.

குகனின் மனைவி வதனி கதவைத் திறந்தாள். "வாங்கோ அண்ணை. நீங்கள் வாறீங்கள் எண்டு காலமையில இருந்து சொல்லிக்கொண்டு திரிஞ்சவர்." அவளுக்குப் பின்னால், மாலை போட்ட படத்துக்கு முன் விளக்கு எரிந்தது.

என் கால் படியைத் தாண்டவில்லை. வதனி தேத்தண்ணி போட உள்ளே போனதும் அவன் கையைப் பிடித்தேன். "மச்சான், எனக்குத் தெரியாது. நான் குறூப் பாக்கிறேல்ல. ஸ்டேக் தின்னத் தான் வந்தனான்."

"தெரியும்" என்றான். "தாடிக்குப் பகிடி விடேக்க, என்னைச் சிரிக்க வைக்கப் பாக்கிறாய் எண்டு நினைச்சனான். நீ ஓம் எண்டு சொன்னாய் பார், அதில தான் விளங்கினது." பிறகு, "பதினேழு நாளா ஒருக்காலும் பாக்கேல்லையோ மச்சான்?" என்றான். நான் குனிந்து காலணியைக் கழற்றினேன்.

"வதனிக்குச் சொல்லாத" என்றான். "போய் வாயைக் கொப்பளிச்சிட்டு வா."

கொப்பளித்தேன். கை கழுவினேன். படத்துக்கு ஒரு பூ வைத்தேன். சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, செத்தவீட்டு முறைப்படி, போய் வருகிறேன் என்று சொல்லாமல் எழும்பி வந்தேன். அன்றைக்கு நான் முறையாகச் செய்தது அது ஒன்றுதான்.

போக விரும்புகிறவர்களுக்கு: சனிக்கிழமை என்றால் இரண்டு வாரம் முன்பே மேசை சொல்லிவையுங்கள். ஒரு ஸ்டேக் இருவருக்குக் காணும். மெட்ரோவில் இரண்டு தரத்துக்கு மேல் ஏறுவதென்றால் நாள் ரிக்கெட் எடுங்கள். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இருந்தால் முதலில் போன் எடுங்கள். எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள், கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். குகன் வியாழக்கிழமை போனிலேயே சொல்லத் தொடங்கினவன்தான். நான்தான் ஸ்டேக் என்று கத்தினேன்.