விமானத்தின் பானட்டில் இரண்டு ஓட்டை

போன ஞாயிறு காலை ஒரு குட்டி விமானத்தின் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டு சுத்தமாகக் குழம்பிப்போயிருந்தேன்.

எனக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. திருப்பதியில் உட்கார்ந்து வாரம் ஒரு பத்தி எழுதுகிறவன் நான். வீட்டில் மிக்ஸி நின்றுபோனாலே கையைப் பிசைகிற ஆள். சம்பந்தமெல்லாம் என் தங்கை பவானிக்குத்தான். அவள் விமானப் பராமரிப்பு இன்ஜினியர். சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபாக்டரி நடத்தும் என் நண்பர் முனிரத்தினம், நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வாங்கி, ஒரு தனியார் ஓடுபாதை ஓரத்து ஷெட்டில் நிறுத்தியிருக்கிறார். லைசென்ஸ் எடுத்து அவரே ஓட்டுகிறார். அதைப் பார்த்துக்கொள்ள பவானியைச் சேர்த்துவிட்டது நான். அந்தப் பாவத்துக்குத்தான் லீவு நாளும் அதுவுமாக அங்கே நின்றேன்.

விவகாரம் ஆல்டர்னேட்டரில் ஆரம்பித்தது. காரில் இருக்கிறதே, ஓடும்போது பேட்டரிக்குக் கரன்ட் ஏற்றுவது... அதேதான். முனிரத்தினம் புதுத் திரை, புது ரேடியோ, புது லைட் என்று மாட்டிக்கொண்டே போக, பழைய ஆல்டர்னேட்டரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. முறையாக அனுமதி வாங்கி, பெரியதாக ஒன்றைப் பொருத்தினாள் பவானி. அதுவரை எல்லாம் ஒழுங்கு.

புதுசு கொஞ்சம் சூடானது. முனிரத்தினத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய நைனா — அப்பாவைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம் — முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பாரம் ஏற்றிக்கொண்டு பலமநேர் மலைப்பாதையில் ஏறும்போது, பானட்டை லேசாகத் தூக்கி ஒரு கட்டையைச் செருகிவிடுவாராம். சூடு மேலே போய்விடும். சின்ன வயசில் அதைப் பார்த்தே வளர்ந்த மகன் சும்மா இருப்பாரா? புத்தூரிலிருந்து பஸ் பாடி கட்டும் ஃபைபர் ஆள் ஒருவரை வரவழைத்தார். என்ஜினை மூடியிருக்கும் கௌலிங்கின் — விமானத்துக்கு அதுதான் பானட் — உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஓட்டை. பவானியிடம் மூச்சு விடவில்லை.

அன்றைக்கு நைனாவை ஏற்றிக்கொண்டு பறப்பதாக ஏற்பாடு. கங்காதர நெல்லூரில் இருக்கும் தன் மாந்தோப்பை ஒரு தடவை வானத்திலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அடுத்த வாரம் இடுப்பில் ஆபரேஷன். அதற்குப் பிறகு விமானத்தில் ஏறி இறங்க முடியுமோ, முடியாதோ? பவானி கையெழுத்துப் போட்டால் வண்டி கிளம்பும். அவள் ஓட்டையைப் பார்த்தாள். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா நீ, சூடு வெளிய போவ வழி வுட்டுக்கிறேன். நல்லதுதானே?" என்றார் முனிரத்தினம்.

"இதால என்ஜின் இன்னும் சூடாவும் சார்."

ஓட்டை போட்டால் சூடு ஏறுமா? நீங்களே சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்தால் புழுக்கம் கூடுமா, குறையுமா? என் முழியைப் பார்த்துவிட்டுத் தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, காத்து முன்னால பூந்து, என்ஜினுக்கு மேல நெருக்கமா ரொம்பும். அப்புறம் சிலிண்டர் இடுக்கு வழியா கீழ எறங்கணும். அப்பதான் சிலிண்டர் ஆறும். மேலயே வழி வுட்டா? திருமலை கியூவுல வர்றவங்களைப் பாதியில கேட்டைத் தெறந்து வெளிய அனுப்புன மாதிரி. கூட்டம் வேகமா நகரும். சாமியை யாரு பாத்தா?"

ஆஹா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். "அப்ப பலமநேர்ல லாரி எப்படிம்மா ஏறிச்சு?" என்றார் முனிரத்தினம். அதுவும் நியாயமாகத்தானே இருக்கிறது? லாரிக்கு ரேடியேட்டர் உண்டு, தண்ணீர் உண்டு, இதற்குக் காற்று மட்டும்தான் என்று பவானி ஏதோ சொன்னாள். மறுபடியும் குழம்பினேன்.

வெளியே தள்ளி நிறுத்தி, என்ஜினை ஓட்டிக் காட்டினாள். சிலிண்டர் சூட்டைக் காட்டும் முள் சரசரவென்று சிவப்புப் பக்கம் போனது. அணைத்து, ஆறவிட்டு, ஓட்டைகள் மேல் அலுமினியம் டேப்பை ஒட்டி மறுபடி ஓட்டினாள். முள் பாதியிலேயே நின்றுகொண்டது. முனிரத்தினம் வாயைப் பிளந்தார். ஆனால் அவர் பிசினஸ்மேன் இல்லையா? ஒரு நிமிஷத்தில் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்தே, முடிஞ்சது மேட்டர். டேப்போடவே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்."

"மேல போய் டேப் பிச்சிக்கினா? வெட்டுன மூடி தாங்குமான்னு யாருக்குத் தெரியும்? நான் கையெழுத்து போட மாட்டேன் சார்."

வெள்ளை வேட்டி, புதுச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நைனா வாயைத் திறந்தார். "கொதிக்கிற என்ஜினோட எத்தினி தபா மலை ஏறிக்கிறேன்மா. ஒரே ஒரு சுத்து. அப்பால என் ஒடம்பு எப்படியோ..." வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பவானியின் கண்ணும் கலங்கியது. பேனா மட்டும் வெளியே வரவில்லை.

"கையெழுத்து போட ஊர்ல வேற ஆளே இல்லியா இன்னா?" என்றார் முனிரத்தினம், என்னைப் பார்த்துக்கொண்டே.

வேலை போகப்போகிறது! நான் சேர்த்துவிட்ட வேலை. ஒரு பக்கம் நண்பர், ஒரு பக்கம் தங்கை, நடுவில் கண் கலங்கிய பெரியவர். எனக்கு ஓட்டையும் புரியவில்லை, டேப்பும் புரியவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், நான் கட்சி மாறிவிட்டேன்.

"பவானி, டேப்தான் ஒட்டியாச்சே... பத்து நிமிஷம்தானேம்மா? பெரியவர் இவ்ளோ ஆசைப்படறாரு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"சரிண்ணா, போடறேன். பின் சீட்டு காலியாத்தான் இருக்குது. நைனாவுக்குத் துணையா நீயும் ஏறிக்கோ."

  "அதுக்கென்ன, ஏறிட்டாப் போச்சு" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக. வார்த்தை வருவதற்குள் என் வலது கால் ஓர் அடி பின்னால் போய்விட்டது.

அதை முதலில் பார்த்தது நைனாதான். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "வுட்றா முனிரத்தினம். சிபாரிசு பண்ற ஆளே பின்னால போறாரு. புது மூடி வாங்கி மாட்டு. ஆபரேஷன் முடிச்சிக்கினு வரேன், நீ தூக்கி உக்கார வெய்."

முனிரத்தினம் என் காலைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், ஷெட் சாவியைக் கொண்டுவந்து பவானி கையில் கொடுத்தார்.

காற்று மேலே போகிறதா, கீழே போகிறதா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. என் காலுக்கு மட்டும் அன்றைக்கே விளங்கிவிட்டது.