பதில்களுக்குள் பார்க்காத கருவி

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கத்திரிக்கோல். யார் எவ்வளவு நீட்டி எழுதிக்கொண்டு வந்தாலும் நறுக்கிச் சின்னதாக்கிக் கையில் கொடுத்துவிடுவாள். வீட்டிலும் அதே கதைதான். "உங்கம்மா 'பால் வாங்கிட்டு வாங்க'ன்னு சொல்ல மாட்டா, 'பால்'னு மட்டும்தான் சொல்லுவா. மிச்சத்த நாமளே சேத்துக்கணும்" என்று கணவன் மகளிடம் கேலி பேசுவான். அவளுக்கு அது கேலியாகவே படாது, பாராட்டு என்று எடுத்துக்கொள்வாள்.

முன்பு வாஷிங் மெஷினுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் முதலில் தூக்கிப் போடுகிற தாள் அது. அதற்குப் போய் உயிரை விடுகிறோமே என்று அலுத்துப்போய், அடுக்குமாடிக் கட்டடங்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். இங்கே அவள் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்க ஆள் இருந்தது. ஆள் என்றால் மனித ஆள் இல்லை, ஏஐ.

அந்த நிறுவனத்தில் வேலைப் பேச்சு முழுக்கச் செல்போன் குழுக்களில்தான் நடக்கும். லிஃப்டுக்கு ஒரு குழு, தண்ணீருக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. கொட்டுகிற செய்தியையெல்லாம் படிக்க மேலாளருக்கு நேரம் ஏது? ஏஐயைக் கேட்பார், அது தேடிச் சொல்லும். ஆனால் அதற்குத் தானாக எதையும் திறந்து பார்க்க முடியாது. செய்தி தேட ஒரு கருவி, அனுப்ப ஒரு கருவி என்று சிலவற்றைக் கொடுத்து, எது என்ன செய்யும் என்று விளக்கமும் எழுதி வைத்திருப்பார்கள். அந்த விளக்கங்களை எழுதுவதுதான் இவள் வேலை. இவள் எழுதியது ஏஐக்கு வேதவாக்கு. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதினாள். 'ஒருவருக்கு மட்டும் அனுப்பும், குழுவுக்குப் போகாது' என்ற அவள் வரியால் எத்தனையோ பேர் மானம் தப்பியிருக்கிறது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த லிஃப்ட் நின்றது. மாடிகளுக்கு நடுவே, உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண்ணோடு. நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவில் கோளாறு இருப்பதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எழுதினேனே சார். குழுவுல போட்டேனே" என்றார் அவர்.

மேலாளர் ஏஐயைக் கேட்டார். 'கதவுக் கோளாறு பற்றி மெக்கானிக்கிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை' என்று பளிச்சென்று பதில் வந்தது. மெக்கானிக் தன் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அகப்படவில்லை. மூக்கு மேல் கோபம் வைத்திருக்கும் மனுஷன், எகிறப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

சில நாள் கழித்து, டீ குடிக்கும் அறையில் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். ஆளே பாதியாகியிருந்தார்.

"ஏம்மா, அந்த ஏஐ பொய் சொல்லுமா?"

"பொய்யெல்லாம் சொல்லாதுண்ணே. இருந்தா இருக்குங்கும், இல்லன்னா இல்லங்கும்" என்றாள். குரலில் பெருமை வேறு!

அவர் தலையை ஆட்டினார். "அப்போ நான் எழுதல போல. எழுதின மாதிரியே இருக்கும்மா. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்ப அணைச்சிட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க, அது பாட்டுக்கு எரியும். கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க. இன்னிக்கு வேலைய விட்டு நின்னுக்கறேன்னு சொல்லிடப்போறேன். லிஃப்ட் வேலை என்ன விளையாட்டா? நான் எதையாவது முடுக்க மறந்து ஒரு உசிரு போச்சுன்னா?"

அவள் டீயைக் கீழே வைத்தாள். "எங்கண்ணே எழுதினீங்க? புதுசா ஒரு செய்தியாவா?"

"புதுசா எதுக்கு? அந்த லிஃப்டப் பத்தி சூப்பர்வைசர் எப்பவோ ஒண்ணு போட்டிருந்தாரு. தேடிப் புடிச்சு அதுக்குக் கீழயே பதிலாப் போட்டேன். ஒரு லிஃப்ட் சமாச்சாரம் ஒரே எடத்துல கெடக்கணுமா இல்லயா? இப்போ அந்தப் பழைய செய்தியே அகப்பட மாட்டேங்குது."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தேடும் கருவி மேலே தெரியும் செய்திகளை மட்டும்தான் பார்க்கும், கீழே தொங்கும் பதில்களுக்குள் போகாது, அதைப் படிக்க வேறொரு கருவி உண்டு. அது அவளுக்குத் தெரியும். எழுதியும் இருந்தாள். பிறகு நீளமாக இருக்கிறதே என்று வெட்டி எறிந்தாள். மிஞ்சியது: 'குழுவில் வந்த செய்திகளைத் தேடும்.' என்ன கச்சிதம்! ஏஐ அதை அப்படியே நம்பித் தேடியது, கிடைக்கவில்லை, 'வரவில்லை' என்றது. தான் பாதியைப் பார்க்கவே இல்லை என்பது அதற்கு எப்படித் தெரியும்?

"எந்திரிங்கண்ணே" என்றாள்.

மேலாளர் அறையில் அவரையும் உட்காரவைத்து, லேப்டாப்பைத் திறந்து விளக்கத்தைத் திருத்தினாள். 'மேல்நிலைச் செய்திகளில் மட்டும் தேடும். பதில்களுக்குள் தேடாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் "வரவில்லை" என்று முடிவு கட்டாதே. பதில்களைப் படிக்கும் கருவியாலும் பார்த்துவிட்டுச் சொல்.' பிறகு மேலாளர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். இந்தமுறை மெக்கானிக்கின் வார்த்தைகளே திரையில் வந்து நின்றன: 'கதவு பாதியில நிக்குது. சென்சார் மாத்தணும். அதுவரைக்கும் ஓட்டாதீங்க.' தேதி, லிஃப்ட் நிற்பதற்கு முந்தைய வாரம்.

"அடடா, ஏஐ சொதப்பிடுச்சா?" என்றார் மேலாளர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பழியை ஏற்றினால் அது சண்டைக்கா வரப்போகிறது? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இல்ல சார். அதுக்கு நான்தான் பாதியச் சொல்லாம விட்டுட்டேன். அண்ணன் மேல தப்பே இல்ல. என் மேலதான். மன்னிச்சிருங்கண்ணே."

மெக்கானிக் காதில் அது எதுவும் விழவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்துத் தன் வரிகளைப் படித்தார். மறுபடி படித்தார். அப்படியே போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"இந்தா, எனக்கு ஒண்ணுமில்லடி. எழுதியிருக்கேன். கண்ணால பாத்துட்டேன்... ஏய், அழாத. இங்க பாரு, சுடுதண்ணிய விளாவ மறந்துருவேனோன்னு பயந்து பேத்திய இத்தன நாளாத் தொடலல்ல? இன்னிக்கு யாரும் அவளக் குளிப்பாட்ட வேண்டாம். நான் வந்து குளிப்பாட்டறேன்."