மாதுங்காவில் எடுத்த படம், அமெரிக்காவில் விழுந்த தேதி

இன்று காலை கதவைத் திறந்தால், மேல் மாடி வெங்கட்ராமன் சார் கையில் மொபைலோடு நிற்கிறார்.

"டீச்சர், உங்க போட்டோவால என் பொண்ணு அங்க கண்ணைக் கசக்கிண்டிருக்கா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. (இரண்டாவது காபிக்கு முன்னால் எனக்கு எதுவுமே புரியாது. இது அதற்கும் மேலே!)

விஷயம் இதுதான். நான் ஒரு புகைப்படக் குழுவில் சேர்ந்திருக்கிறேன். அங்கே படத்தை மட்டும் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்த தேதி, நேரம், காமிரா, லென்ஸ் எல்லாம் கீழே எழுத வேண்டும்.

கணக்குப் பரீட்சையில் விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, வழியும் காட்ட வேண்டும் அல்லவா? அந்த மாதிரி. வாத்தியார் மனசுக்கு அது பிடித்தும் இருந்தது.

நேற்று ஒரு படம் போட்டேன். மும்பையில் எங்கள் மாதுங்கா பூக்கடை. ஓரத்தில் வெங்கட்ராமன் சார் துளசி மாலையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். காமிராத் திரையைப் பார்த்துப் பார்த்து, ஒரு எழுத்து விடாமல் விவரம் எழுதினேன்.

'வெள்ளிக்கிழமை, மாலை 6.40.'

முதல் லைக்கே நவி மும்பை நெருளிலிருந்து வந்தது. போட்டவர் ராமநாதன் சார், வெங்கட்ராமன் சாரின் சம்பந்தி. (தேதியைப் பிறகுதான் படித்திருக்கிறார்.)

அதே வெள்ளிக்கிழமை மாலை, சம்பந்தியின் புது ஃபிளாட்டில் முதல் பஜனை. இவரோ, "ஜுரம், எழுந்துக்க முடியலை" என்று சொல்லிப் போகவில்லை. இவருடைய பெண் வித்யா அந்த வீட்டு மருமகள்.

"ஜுரக்காரருக்குப் பூக்கடைல என்ன சிரிப்பு? எங்காத்துக்கு வரப் பிடிக்கலேன்னா நேரே சொல்லலாமே!" என்று மாமனார் கேட்டாராம்.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சார், நீங்க நெஜம்மாவே..."

"டீச்சர்! வெள்ளிக்கிழமை நான் கட்டிலை விட்டு எறங்கலை. சனிக்கிழமை காலம்பற ஜுரம் விட்டுது, பெருமாளுக்கு மாலை வாங்கப் போனேன். 'சார், கொஞ்சம் சிரிங்கோ'ன்னு நீங்கதானே சொன்னேள்!"

சொன்னேன்தான். ஆனால் என்றைக்கு? வெள்ளி மாலை காய் வாங்க அந்தத் தெருவுக்குப் போனேன். சனி காலை நடைப்பயிற்சிக்கும் அங்கேதான் போனேன். இரண்டு தடவையும் கழுத்தில் காமிரா. ரிட்டயர் ஆனவர்களுக்கு வெள்ளி என்ன, சனி என்ன!

மனிதர் ஒன்று சொல்கிறார், மெஷின் ஒன்று சொல்கிறது. யாரை நம்புவது?

மெஷினையே கேட்டுவிடலாம் என்று காமிராவை ஆன் செய்தேன்.

சுவரில் ஞாயிறு காலை பத்து மணி. காமிராவில் சனி இரவு ஒன்பதரை!

"பேட்டரி வீக்கோ?" என்றார் அவர்.

"வீக்குன்னா மெதுவா ஓடும். இது நேத்திக்கே போய் உக்காந்துண்டிருக்கே!"

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மகளுக்கு வீடியோ கால் போட்டேன். அவள் உபயோகித்துவிட்டு எனக்குக் கொடுத்த காமிரா அது.

"அம்மா, நீ டைமே மாத்தலையா? அது இன்னும் எங்க ஊர் டைம்ல ஓடிண்டிருக்கு. இங்க இப்போ சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைதான்!"

வெங்கட்ராமன் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

(நான் பூகோள டீச்சர். தீர்க்கரேகையும் நேர வித்தியாசமும் நடத்தியே ரிட்டயர் ஆனவள்!)

உடனே நெருளுக்கு ஃபோன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். வகுப்பில் சொல்வதுபோல் ராமநாதன் சாருக்கு உதாரணத்தோடு சொன்னேன்.

"நீங்க இங்க சனிக்கிழமை காலம்பற இட்லி சாப்பிடறச்சே, என் பொண்ணு அங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்லேந்து வந்துண்டிருப்பா. அந்த மாதிரி."

பொறுமையாகக் கேட்டார். பிறகு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி டீச்சர். காமிரா மாதுங்காலதானே இருந்தது?"

"ஆமாம்."

"சம்பந்தியும் மாதுங்காலதானே நின்னுண்டிருந்தார்?"

"ஆமாம்."

"அப்போ நடுவுல அமெரிக்கா எங்கேர்ந்து வந்தது?"

எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது!

அப்போது பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல். "ஏன்னா, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ணுங்கோ. பூக்கடைக்குப் பின்னால பாருங்கோ, பேப்பர்காரர் ஃபுட்பாத்துல உக்காந்து கட்டுப் பிரிச்சு அடுக்கிண்டிருக்கார். ஒவ்வொரு ஆத்துக்கும் பேப்பர் போடறதுக்கு சாயங்காலமா அடுக்குவா?"



"அரே!" என்றார் ராமநாதன் சார்.

நான் என் பக்கத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், கட்டுக்கட்டாகப் பேப்பர்! எடுத்தவளே பார்க்கவில்லை. லைக் போட்ட ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் கீழே இருந்த தேதியைத்தான் பார்த்தோம்.

"சம்பந்தி அங்கதான் இருக்காரா?" என்று கேட்டார் ராமநாதன் சார்.

"இருக்கேன், இருக்கேன்."

"ஜுரம் நன்னா விட்டுதா?"

"விட்டுது."

"அப்போ சாயங்காலம் மாமியையும் அழைச்சுண்டு வாங்கோ. வித்யா காலம்பறலேந்து என்னோட பேசலை. காபி வேற தண்ணியா வந்தது!"

"பேசாம பின்ன? எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்னேன், கேட்டேளா நீங்க?" இது வித்யா, கொஞ்சம் தள்ளி நின்று. குரலில் இன்னும் ஈரம் இருந்தது. ஆனால் சிரிப்பும் இருந்தது.

வெங்கட்ராமன் சாரும் மாமியும் சாயங்காலம் நெருளுக்குக் கிளம்பிப் போனார்கள். கையில் ஒரு பை நிறையப் பூ.

நான்தான் இன்னும் கரையேறவில்லை!

பன்னிரண்டரை மணி நேரம் கூட்டி, படத்தின் கீழே 'சனிக்கிழமை, காலை 7.10' என்று திருத்தினேன். உடனே குழு அட்மின் கேட்கிறார்: "மேடம், ஃபைலுக்குள்ளே வெள்ளிக்கிழமைன்னு இருக்கே? எது சரி?"

இவருக்கும் இட்லியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சரி, காமிராவில் ஊரை மாற்றிவிடலாம் என்று மெனுவுக்குள் போனேன். எதையோ அழுத்தினேன். இப்போது மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து!

நண்பர்களே, இதிலிருந்து வெளியே வர யாருக்காவது வழி தெரியுமா?

அதுவரை என் படங்களின் கீழே இப்படித்தான் இருக்கும்:

'எடுத்த நேரம்: பேப்பர் வந்த பிறகு.'